படிவுவீழ்ச்சியா, பொழிவா, பெயலா?

மருமகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். போன மாரியில் ஒரு பின்னேரம், மட்டக்களப்புக் கல்லடியில் மின்சாரம் நின்று எல்லோரும் விறாந்தையில் இருந்தபோது, இரண்டு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, விஞ்ஞானத்தில வீழ்படிவு எண்டு கிடக்கு. புவியியல்ல படிவுவீழ்ச்சி எண்டு கிடக்கு. ரெண்டுக்கும் இங்கிலீசில ஒரே சொல்லாம். ஏன் பிரட்டிப் போட்டிருக்கு?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இத்தனை வருடம் இரண்டையும் வாசித்தும் அவை ஒன்றையொன்று கவிழ்த்துப்போட்ட சொற்கள் என்பது கண்ணில் படவே இல்லை.

அந்த ஆங்கிலச் சொல் பிரெசிபிட்டேஷன். வேர் இலத்தீன். 'பிரே' என்றால் முன், 'கபுத்' என்றால் தலை. தலை முன்னே போக விழுவது, நம் பேச்சில் தலைகுப்புற விழுவது. செங்குத்தான பாறை விளிம்பைக் குறிக்கும் பிரெசிபிஸ் என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். தெளிந்த இரண்டு கரைசல்களைக் கலக்கும்போது வெள்ளையாக ஏதோ திரண்டு குழாயின் அடிக்குப் போகிறதே, அதற்கு இந்தச் சொல்லை வைத்தார்கள். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவி திரண்டு கீழே விழுவதற்கும் அதே சொல். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே காரியந்தான்.

தமிழில் இரசாயனக்காரர் வைத்த பெயர் கச்சிதம். முதலில் வீழ்கிறது, பிறகு படிகிறது, ஆகவே வீழ்படிவு. புவியியலுக்கு வந்தபோதுதான் சிக்கல். படிவுவீழ்ச்சி என்றால் படிந்தது வீழ்கிறதா, படிவதற்காக வீழ்கிறதா? தூசி படியும், வண்டல் படியும், மலையில் முகில் படியும். படிதல் என்பது சத்தமில்லாத வேலை. மார்கழியில் ஓட்டுக்கூரை அதிர இறங்கும் மழையைப் பார்த்து 'படிகிறது' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது படியவும் இல்லை, முற்றத்தில் விழுந்து வாவிக்கு ஓடுகிறது.

சரி, மழைவீழ்ச்சி என்றே சொல்லிவிடலாமே? வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையிலும் வானொலியிலும் நாம் கேட்கும் சொல் அதுதான். சிங்களத்தின் 'வர்ஷாபதனய'வும் அதே அச்சு: வர்ஷம் மழை, பதனம் விழுதல். ஊரில் யாரும் 'மழை வீழ்ந்தது' என்று சொல்வதில்லை, மழை பெய்யும். அதனால் இதை ஆங்கிலத்தின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு என்று நான் கொஞ்சம் இளக்காரமாகவே நினைத்திருந்தேன். அப்புறம் 'விசும்பின் துளிவீழின் அல்லால்' என்ற குறள் நினைவுக்கு வந்தது. துளி வீழ்வது பழைய தமிழ்தான். இளக்காரத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனாலும் மழைவீழ்ச்சி வேறு, பிரெசிபிட்டேஷன் வேறு. முதலாவது மழைமானிச் சொல். காலை 8.30க்கு ஒருவர் போய், கடந்த 24 மணித்தியாலத்தில் சேர்ந்த நீரை அளக்கிறார். ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். இரண்டாவது அதைவிட அகலம்: முகிலிலிருந்து புவியீர்ப்பால் கீழே விழும் நீர், எந்த உருவில் இருந்தாலும் சரி. தூறல், மழை, பனித்தூவி, ஆலங்கட்டி எல்லாம் சேர்த்தி. மூடுபனி இதில் சேராது, அதன் துளிகள் காற்றிலேயே மிதக்கின்றன. முகில்துளியும் அப்படித்தான், குறுக்களவு சுமார் 0.02 மில்லிமீற்றர். அப்படிப் பத்து இலட்சம் துளிகள் ஒன்றுசேர்ந்தால்தான் 2 மில்லிமீற்றர் மழைத்துளி ஒன்று.

"இங்க எங்க மாமா ஆலங்கட்டியும் பனியும்? எல்லாம் மழைதானே" என்றாள் அவள்.

பதில் வானத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நாசாவும் ஜப்பானும் சேர்ந்து 1997 நவம்பரில் ஒரு செய்மதியை அனுப்பின. (செய்மதி, செய்த மதி. இந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறையும் இல்லை.) விண்ணிலிருந்து மழையைப் பார்த்த முதல் ராடர் அதில்தான் இருந்தது. திட்டத்தின் அறிவியல் பொறுப்பை 1986இலிருந்து சுமந்தவர் ஜோஆன் சிம்ப்சன். 1949இல் வளிமண்டலவியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் அதைப் பெற்ற முதல் பெண் ஆனவர். வெப்பமண்டலக் கடலின் மேல் கோபுரம்போல் எழும் முகில்களே அவருடைய வாழ்நாள் வேலை. மூன்று வருடத்துக்கென்று போன செய்மதி 2015 வரை உழைத்தது. வடக்கிலும் தெற்கிலும் 35 பாகை வரையே அது பார்த்தது, பெயரிலும் மழை என்ற சொல்தான் இருந்தது. 2014இல் அதன் வாரிசு போனது. பார்வை 65 பாகை வரை விரிந்து, பனி கொட்டும் நாடுகளும் உள்ளே வந்தன. பெயரில் மழை போய் பிரெசிபிட்டேஷன் ஏறியது. இரண்டு பெயர்களையும் தமிழில் 'மழைவீழ்ச்சி' என்றே எழுதினால் நடந்த மாற்றம் காணாமல் போய்விடும்.

சரி, அது குளிர்நாட்டுக் கதை என்றால், நமக்கு மேலேயும் பனி விழுகிறது. மட்டக்களப்பின் தலைக்கு மேல் ஏறத்தாழ 5 கிலோமீற்றரில் காற்று உறைநிலைக்கு வந்துவிடுகிறது. பெரிய மழைமுகில்கள் அதைத் தாண்டி வெகு உயரம் போகும். உள்ளே பனித்துகள்கள் வளர்ந்து, விழுந்து, அந்த மட்டத்தில் உருகி மழையாகின்றன. உருகும் இடம் ராடர் படத்தில் பளிச்சென்று ஒரு பட்டையாகத் தெரியும். மேலே பனி, கீழே மழை, ஒரே விழுகை. ஆய்வாளருக்கு இரண்டையும் பிடிக்கும் சொல் தேவைப்படுவது இதனால்தான்.

சொல்லில் மட்டுமல்ல, விண்ணிலிருந்து அளப்பதிலும் சங்கடம் உண்டு. தரைக்கு மேல் கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றரில் நிலத்தின் எதிரொலி குறுக்கே வந்து ராடரின் கண்ணை மறைக்கும். செய்மதியிலுள்ள நுண்ணலைக் கருவிகளுக்கோ கடலும் நிலமும் வேறுவேறு பின்னணி, கரையோரம் என்றால் தடுமாறும். செய்மதிகளின் தரவுகளைச் சேர்த்து அரை மணித்தியாலத்துக்கு ஒன்றாகத் தரும் உலக வரைபடத்தில் ஒரு கட்டம் 0.1 பாகை, சுமார் 11 கிலோமீற்றர். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டத்தை விரித்தால் கடல், எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே நாங்கள் இருக்கும் கரை), வாவி, படுவான்கரையின் (மேற்குக் கரை) ஓரம் நான்கும் அதற்குள் அடங்கும். மச்சான் படுவான்கரை வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, கோல் எடுத்து "இங்க ஒரு சொட்டு இல்ல, வெள்ளாமை காயுது" என்று சொல்லும் நேரம் எனக்கு இங்கே பீலியால் தண்ணீர் கொட்டும். கட்டத்துக்கு இரண்டு பேரும் ஒரே எண்தான்.

பிறகு எந்தச் சொல்? பொழிவு பரவலாக இருக்கிறது, பனிப்பொழிவு செய்தித்தாளிலேயே வந்துவிட்டது. ஆனால் பொழிவது தாராளமாகக் கொட்டுவது, தூறலைப் பொழிவு என்றால் வட்டையில் சிரிப்பார்கள். எனக்குப் பிடித்தது பெயல். பெய் என்ற வினை தூறலுக்கும் அடைமழைக்கும் பனிக்கும் கூச்சமில்லாமல் நிற்கும். பெயல் தெரியாது என்பவருக்கும் 'செம்புலப் பெயல்நீர்' தெரியும். மழைப்பெயல், பனிப்பெயல், பெயலளவு என்று கிளைவிடும். ஒரு ஓட்டை இருக்கிறது: விடியப்புறம் புல்லில் ஈரத்தைப் பார்த்தாலும் நாம் 'பனி பெய்திருக்கு' என்கிறோம். விஞ்ஞானத்தில் அது பெயல் இல்லை. காற்றிலிருந்த ஆவி குளிர்ந்த புல்லிலேயே ஒடுங்குகிறது, மேலிருந்து எதுவும் விழவில்லை. படிவு என்ற சொல் உண்மையில் பொருந்துவது அங்கேதான்.

இவ்வளவையும் சொல்லி முடிக்க மின்சாரமும் வந்துவிட்டது. "அப்ப சோதனைக்குப் பெயல் எண்டு எழுதவா?" என்று கேட்டாள். வேண்டாம் பிள்ளை, படிவுவீழ்ச்சி என்றே எழுது, இல்லாவிட்டால் புள்ளி போகும் என்றேன்.