‘பாவம்’னு சொல்லிட்டு பக்கத்தைத் திருப்பிடாதீங்க

போன மாசம் பெங்களூர் அல்சூர்ல இருக்கற என் கிளினிக்குக்கு ஒரு அம்மா அஞ்சு வயசுப் பையனோட வந்தாங்க. ஸ்கூல்ல யாராவது கீழ விழுந்தா இவன் சிரிக்கறானாம், அழற பிள்ளைய நின்னு வேடிக்கை பாக்கறானாம், மிஸ் ரெண்டு தடவ டைரில எழுதி அனுப்பிட்டாங்க. "இரக்கம் வர்ற மாதிரி நாலு நீதிக்கதை புக்கு சொல்லுங்க மேடம், வாங்கிடறேன்"னாங்க. பையில ஏற்கனவே ரெண்டு வச்சிருந்தாங்க, ஒவ்வொரு கதை முடிவுலயும் கட்டம் கட்டி ஒரு நீதி.

நான் டேபிள்ல இருந்த எழுத்தே இல்லாத ஒரு படப் புத்தகத்த அவன்கிட்ட குடுத்தேன். முதல் படத்துல மழை, பஸ் ஸ்டாப், ஒரு பொண்ணு ஒத்தக் கால்ல செருப்பு இல்லாம நிக்குது. "பாவம்"னான், திருப்பிட்டான். அடுத்ததுல நாய்க்குட்டி நனையுது, "பாவம்". அதுக்கடுத்து வீல்சேர்ல ஒரு தாத்தா சிரிச்சிக்கிட்டே காய் வாங்கறாரு, அவருக்கும் "பாவம்". தாத்தா எதுக்குடா கண்ணா பாவம், அவர் சந்தோஷமாத்தானே இருக்காருன்னு கேட்டா முழிக்கறான்.

இத நான் வாரா வாரம் பாக்கறேன். ரெண்டு வயசுல இருந்தே "அச்சோ பாவம் சொல்லு"ன்னு பழக்கறோம், குழந்தையும் அத வணக்கம் சொல்ற மாதிரி சொல்லிட்டு நகர்ந்துடுது. அந்த வார்த்தைல தப்பு இல்லங்க. ஆனா அத சொன்னதோட வேலை முடிஞ்சுதுன்னு நாமளே நெனச்சிடறோம், அந்தப் பொண்ணுக்கு உள்ள என்ன ஓடுதுன்னு யாருமே யோசிக்கல.

திரும்ப முதல் படத்துக்குப் போனோம். அவளோட இன்னொரு செருப்பு எங்கன்னு தேடச் சொன்னேன். ரொம்ப நேரம் பாத்து, படத்தோட மூலைல சாக்கடைல மிதக்கறத கண்டுபிடிச்சான். அவளுக்கு இப்ப எப்படி இருக்கும்? "குளிரும்." வீட்டுக்குப் போனா? சத்தமே இல்ல. நானும் பேசல, இந்த எடத்துல பெரியவங்க வாய மூடிட்டு இருக்கறதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை. அப்பறம் மெதுவா, "அம்மா திட்டுவாங்க. புது செருப்பு." பக்கத்துல இருந்த அம்மா தலைய குனிஞ்சிக்கிட்டாங்க. நான் எதுக்கு ஏங்கறேன்னா அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான், தன்னோட பயத்த எடுத்து இன்னொருத்தர் மனசுல வச்சுப் பாக்கறான் பாருங்க.

மூணு வயசுல இது முழுசா வரலன்னா பதறாதீங்க. 1985ல சைமன் பேரன்-கோஹன்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளரோட குழு பண்ணின பொம்மை சோதனை ரொம்ப பிரபலம். ஒரு பொம்மை தன்னோட கோலிய கூடைல வச்சிட்டு வெளிய போகும், இன்னொரு பொம்மை அத எடுத்து பெட்டில வச்சிடும், முதல் பொம்மை வந்து எங்க தேடும்? இந்த மாதிரி சோதனைகள்ல மூணு வயசுக் குழந்தைங்க பெரும்பாலும் பெட்டிலன்னு சொல்லும், ஏன்னா தனக்குத் தெரிஞ்சது அதுக்கும் தெரியும்னு நெனைக்கும். நாலு வயச ஒட்டித்தான் கூடைன்னு சொல்ல ஆரம்பிக்கும். கதவுக்குப் பின்னாடி பூனை ஒளிஞ்சிருக்கு, கதைல வர்ற பாட்டிக்குத் தெரியாது நமக்குத் தெரியும், இந்த மாதிரிப் படம் இருந்தா விடாதீங்க, அங்க நிறுத்தி "பாட்டிக்குத் தெரியுமா?"ன்னு கேளுங்க.

பயமுறுத்தற நீதிக்கதை பத்தியும் சொல்லணும். கனடாவுல டொராண்டோல காங் லீங்கற உளவியல் ஆராய்ச்சியாளரோட குழு 2014ல 3ல இருந்து 7 வயசுப் பிள்ளைங்கள வச்சுப் பாத்தாங்க. நம்ம ‘புலி வருது புலி வருது’ மாதிரியே பொய் சொன்ன பையன ஓநாய்கிட்ட மாட்டிவிடற கதைய கேட்டப்பறமும் பிள்ளைங்க உண்மை பேசறது கூடல. மரத்த வெட்டினத ஒத்துக்கிட்ட பையன அப்பா பாராட்டற கதைய கேட்டவங்கதான் அதிகமா உண்மைய சொன்னாங்க. அதே ஊர்லயே இன்னொரு ஆராய்ச்சில, பகிர்ந்துக்கறது பத்தின கதைல மிருகத்துக்கு பதிலா மனுஷங்க இருந்தப்பதான் பிள்ளைங்க தங்களோட ஸ்டிக்கர அடுத்தவங்களுக்கு அதிகமா குடுத்தாங்க. காக்கா நரி கதைய தூக்கிப் போடச் சொல்லல, நானும் அதுல வளர்ந்தவதான். ஆனா உங்க பிள்ளைக்கு பகிர்ந்துக்கறதுதான் சிக்கல்னா தெருவுல பாக்கற முகங்க இருக்கற புத்தகமா தேடுங்க.

பெங்களூர் தமிழ் வீடுகள்ல இன்னொரு விஷயம். வீட்ல தமிழ், தெருவுல கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ், இதுல மனசப் பத்திப் பேச பிள்ளைங்ககிட்ட ஹேப்பி, சேட், ஆங்க்ரி மூணுதான் மிஞ்சுது. ஏக்கம், ஏமாத்தம், கூச்சம், பொறாமை, தவிப்பு, முகம் வாடறது, இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ வேற வேற! பேரே தெரியாத உணர்ச்சிய அடுத்தவன் முகத்துல எப்படி கண்டுபிடிப்பான்? தாத்தா பாட்டி கூட இருந்தா படத்தக் காட்டி அவங்களயே பேச விடுங்க, கதைய படிக்கக்கூட வேணாம்.

ராத்திரி தூங்கறப்ப ஒரு புத்தகம் போதும், அதையே பத்து நாள் கேட்டாலும் பரவால்ல. "இதுல இருந்து என்ன கத்துக்கிட்ட?"ன்னு மட்டும் கேக்காதீங்க, அடுத்த நாள்ல இருந்து அது ஹோம்வொர்க் ஆயிடும்.

புத்தகத்தால ஆகாத எடமும் இருக்கு. ஒன்றரை வயசாகியும் "அங்க பாரு"ன்னு விரல் நீட்டிக் காட்டல, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பல, கண்ணப் பாக்கறது குறைவா இருக்குன்னா குழந்தை டாக்டர்கிட்ட வளர்ச்சிப் பரிசோதனை கேளுங்க, நம்ம ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்ல குழந்தைகளுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. இதெல்லாம் ஆட்டிசம்ங்கற வளர்ச்சி வேறுபாட்டோட அறிகுறியா இருக்கலாம். ஆனா ஆட்டிசம் இருக்கற பிள்ளைக்கு இரக்கமே இல்லன்னு முத்திரை குத்தறது பெரிய அநியாயம், ரொம்ப உணரும், காட்டற விதம்தான் வேற.

காசு இல்லன்னு தள்ளிப் போடாதீங்க. இங்க பெங்களூர்ல இருக்கற குழந்தைப் புத்தகப் பதிப்பகம் பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக்கதைங்க எக்கச்சக்கம், எல்லாமே இலவசம், இறக்கிக்கலாம், பிரிண்ட் போடலாம். குட்டிப் பசங்களுக்கு முதல் லெவல்ல இருந்து ஆரம்பிங்க, எழுத்து கம்மியா இருக்கும், நீங்க ரெண்டு பேரும் பேச எடம் நிறைய கிடைக்கும்.