ட்ரஸ் ராட் திருத்தாத கோணல்

சிங்கப்பூரில் பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் விற்பவர்கள் பெரும்பாலும் எம்ஆர்டி நிலைய வாசலிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோதான் சந்திக்கச் சொல்வார்கள். போகுமுன் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "கம்பியெல்லாம் முழுசா ட்யூன் பண்ணி எடுத்துட்டு வாங்க." தளர்த்தி வைத்தால் நெக்குக்கு, அதாவது கிட்டாரின் கழுத்துக்கு, நல்லது என்று சிலர் நம்புகிறார்கள். ஆனால் கம்பி தளர்ந்த கிட்டாரில் நெக் இணைப்பின் குறைகள் பாதிக்குமேல் ஒளிந்துகொள்ளும்.

காரணம் இழுவை. வழக்கமான 10-46 (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) கம்பிகளை ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் முறுக்கினால், ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடை அளவுக்கு இழுக்கும். அந்த இழுவை மரத்துக்குள் போகாமல் அதற்கு மேலே போவதால், கிட்டாரை முன்பக்கமாக மடக்கப் பார்க்கிறது. நெக்கும் பாடியும் (உடற்பகுதியும்) சேருமிடம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அங்கேதான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கம்பி ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைக்கு) மேலே அதிக உயரத்தில் நின்றால், "ட்ரஸ் ராட்டைத் திருப்பினா சரியாயிடும்" என்பார் விற்பவர். ட்ரஸ் ராட் என்பது நெக்கின் வளைவைத் திருத்தும் உலோகத் தண்டு. நெக் வில்போல் வளைந்திருந்தால் அவர் சொல்வது சரி. வளைவு சரியாக இருந்து, நெக் பாடியோடு சேரும் கோணம் மாறியிருந்தால் அந்தத் தண்டால் ஆகக்கூடியது எதுவுமில்லை. அது நெக்குக்குள் இருக்கிறது. அதன் அதிகாரமும் அங்கேயே முடிகிறது.

இரண்டையும் பிரித்தறிய கருவி தேவையில்லை. ஒரு கையால் முதல் ஃப்ரெட்டிலும் மறு கையால் கடைசி ஃப்ரெட்டிலும் தடித்த கம்பியை அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்கோல். 7, 8ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்குக் கீழே 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் வளைவு சரி. ஒரு விசிட்டிங் கார்டு அங்கே நுழையப் பார்க்கும். அடுத்து, பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பாருங்கள். அதில் கம்பிகள் உட்காரும் சேடில்களைக் கடைசிவரை இறக்கிய பிறகும் 12ஆம் ஃப்ரெட்டில் கம்பி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கிறதா? அப்படியானால் குற்றவாளி கோணம்.

அது எவ்வளவு பெரிய குற்றம் என்பது இணைப்பின் வகையைப் பொறுத்தது. ஃபெண்டர் 1950இல் விற்கத் தொடங்கிய கிட்டார்களில் நெக்கைப் பாடியில் குடைந்த பள்ளத்தில் வைத்து 4 ஸ்குரூவால் முடுக்கினார்கள். இன்றும் ஃபெண்டரின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்), டெலி (டெலிகாஸ்டர்) வகைகள் அப்படித்தான். இதில் கோணத்தைத் திருத்துவது எளிது. பள்ளத்தில், பாடியின் நடுப்பக்க ஓரமாக அரை மில்லிமீட்டர் தகடு வைத்தால், பிரிட்ஜ் இருக்குமிடத்தில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் கிடைக்கும். ஷிம் எனப்படும் இந்தத் தகடு இருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். புதிய கிட்டாரிலும் அது இருக்கலாம்.

பக்கவாட்டு ஆட்டம் வேறு கதை. பள்ளத்தின் நீளம் சுமார் 75 மில்லிமீட்டர். நெக்கோ அதைப்போல 6 மடங்கு. பள்ளத்தில் 0.3 மில்லிமீட்டர் இடம் விட்டிருந்தாலே தலைப்பகுதியருகே கம்பிகளைத் தாங்கும் நட் பக்கம் 2 மில்லிமீட்டர் வரை நகரும். நெக்கை மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மெல்லிய கம்பி நெக்கின் விளிம்பை நோக்கி நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டால் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. முடுக்கினால் பிடிக்கிறதா, வெறுமனே சுற்றுகிறதா என்று கேளுங்கள். சுற்றினால் துளை தேய்ந்துவிட்டது. கடின மரக் குச்சியைப் பசையோடு அடைத்து மறுபடி துளைக்க வேண்டும். சிறிய வேலைதான். பழைய கிட்டாரில் பளபளக்கும் புது ஸ்குரூவைக் கண்டால், ஏற்கெனவே யாரோ திறந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிப்சன் லெஸ் பால் போன்றவற்றில் நெக் பசையால் ஒட்டப்பட்டது. இங்கேதான் நம் ஊரின் காற்று விளையாடுகிறது. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். விடியலுக்கு முன் 90ஐத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். இரவெல்லாம் ஏர்கான், பகலெல்லாம் திறந்த சன்னல் என்றால் மரம் உப்பிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் கதவு இறுகுவதும் இதனால்தான். மரம் நார்க்குறுக்கில்தான் உப்பும், நீளவாக்கில் அநேகமாக இல்லை. நெக்கின் நாரும் பாடியின் நாரும் ஒரே அளவு அசையாததால், சேருமிடத்தில் மேற்பூச்சு மயிரிழையாக வெடிக்கிறது.

அந்தக் கோடு பூச்சோடு நின்றிருந்தால் கவலையில்லை. பசை விட்டிருந்தால் கிட்டாரை வாங்காதீர்கள். கோட்டின்மேல் விரல்நுனியை வைத்து, மறு கையால் தலைப்பகுதியைப் பூப்போலப் பின்னுக்குத் தள்ளுங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தாலோ, மெல்லிய தாள் கோட்டுக்குள் நுழைந்தாலோ இணைப்பு திறந்திருக்கிறது. நெக்கைச் சூடும் நீராவியும் காட்டிப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்ட வேண்டும். விலை உயர்ந்த கிட்டாருக்கு அந்தச் செலவு தகும். மலிவான நகலுக்குத் தகாது என்பது என் கணக்கு.

நெக்கும் பாடியின் நடுவும் ஒரே மரமாக ஓடும் வகை இன்னொன்று. 1957இல் வந்த ரிக்கன்பேக்கர் 4000 பேஸ் கிட்டார் அப்படிப்பட்டது. அதில் தளர இணைப்பே இல்லை. கோணம் கெட்டால் தகடு வைக்கவும் இடமில்லை. ஃப்ரெட்களைக் கழற்றி விரல்பலகையை இழைக்க வேண்டியதுதான்.