மீன் வாங்கவில்லை, நோய் எப்படி வந்தது?

"புதுசா மீன் எதுவும் விடலையே சார்!"

கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இந்த வரி மிகப் பழக்கம். மீன்களின் உடம்பெல்லாம் உப்புத் தூள் தெளித்ததுபோல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கல்லில் உரசிக்கொண்டே சுற்றும், இரை எடுக்காது. சமீபத்தில் தொட்டிக்குள் எதைப் போட்டீர்கள் என்று துருவிக் கேட்டால் சற்று யோசித்துவிட்டுச் சொல்வார்கள். ஒருவர் சொன்னது: "பாசி தின்னட்டும்னு நாலு ஹெர்மிட் நண்டு விட்டேன். அதுக்கும் மீனுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

அந்த நண்டு சுமந்து திரியும் சங்கில்தான் சம்பந்தம் இருக்கிறது.

வெள்ளைப் புள்ளி நோயைத் தருவது கிரிப்டோகேரியான் இர்ரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் சில நாட்கள் தின்று பெருத்துவிட்டு உதிர்ந்துவிடும். பிறகு கெட்டியான ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். கூட்டுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பிரிந்து, நீந்தும் குட்டிகளாக வெளியே வரும். அவற்றுக்கு ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். நண்டையோ நத்தையையோ இந்த ஒட்டுண்ணி தின்பதில்லை. ஆனால் கூடு ஒட்டுவதற்குக் கல்லும் சங்கும் ஒன்றுதான். விற்குமிடத்தில் நண்டுத் தொட்டிக்கும் மீன் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் சுற்றினால், கூடுகள் சங்கில் ஏறிக்கொள்ள அது போதும். சங்கைக் கழுவினாலும் அவை போகாது, உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

சரி, மருந்து போட்டுக் கொன்றுவிடலாமா? முடியாது. மீன்களுக்கு நாம் போடும் காப்பர் (செம்பு) மருந்து நண்டு, இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் விஷம். நண்டின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான், ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு அதைக் கொன்றுவிடும். முன்பு காப்பர் போட்ட தொட்டியின் கல்லையும் மணலையும் இவற்றுக்குப் பயன்படுத்தவே கூடாது. உறிஞ்சி வைத்த செம்பை அவை பிறகு கசியவிடும். மீன்களுக்குச் செய்வதுபோல உப்பைக் குறைக்கவும் வழியில்லை, அதையும் இந்த உயிர்கள் தாங்காது.

ஆக, நம் கையில் இருப்பது நாட்கள் மட்டுமே. புதிதாக வாங்கும் நண்டையும் நத்தையையும் மீனே இல்லாத தனித்தொட்டியில் 76 நாட்கள் வைக்கச் சொல்கிறேன். பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் பொரிந்துவிடும். ஆனால் 72 நாட்கள் கழித்துப் பொரிந்ததும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமான கணக்கு. வெல்வெட் என்ற இன்னொரு மீன் நோயின் ஒட்டுண்ணியும் மீனிலிருந்து உதிர்ந்து இப்படித்தான் கூடு கட்டும். அது மீன்களைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும் என்பதால் அதற்கு நான் இன்னும் அதிகம் பயப்படுகிறேன்.

தனித்தொட்டிக்குப் பெரிய செலவு தேவையில்லை. சிறிய கண்ணாடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகள். உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரியை ஒட்டி. வலை, வாளி, குழாய் எல்லாம் இதற்கென்று தனியாக இருக்கட்டும். பையில் வந்த தண்ணீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள்.

கவனமாக இருப்பவர்களும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. நாற்பதாவது நாளில் இரண்டு நத்தைகள் வாங்கி அதே தொட்டியில் போட்டுவிடுவார்கள். அத்தோடு கணக்கு மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும். மீன்கள் இருக்கும் தொட்டியிலிருந்து ஒரு கல்லையோ ஸ்பாஞ்சையோ எடுத்துப் போட்டாலும் அப்படியே.

அப்புறம், பட்டினி. புதுத் தொட்டியில் பாசி இருக்காது. நத்தைகளுக்குக் காய்ந்த கடற்பாசித் தாள், நண்டுகளுக்குச் சிறு துண்டு இறால் அல்லது ஓரிரண்டு உருண்டைத் தீனி கொடுங்கள். மிச்சத்தை அன்றே எடுத்துவிட்டு அம்மோனியாவைச் சோதியுங்கள். மணலைச் சலித்துத் தின்னும் நட்சத்திர மீனை மட்டும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். இத்தனை நாள் அது வெறும் கண்ணாடியில் பிழைக்காது.

வளரும் நண்டுக்குப் பெரிய சங்கு வேண்டும், கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று எடுத்துக்கொள்ளும். காலிச் சங்குகளைக் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். சங்கை மாற்றுகிறேன் என்று நண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், அதன் மென்மையான வயிறு கிழிந்துவிடும். ஒருமுறை, "ரெண்டு செத்துப்போச்சு" என்று ஒரு வாடிக்கையாளர் வருத்தத்தோடு படம் அனுப்பினார். கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கனமே இல்லாத வெறும் மேலோடு, நாற்றமும் இல்லை. சட்டை உரித்த நண்டுகள் குழாய்க்குள் பதுங்கியிருந்தன.

பவளங்களில் சதையை விட, அவை ஒட்டியிருக்கும் கல்லும் செத்த அடிப்பகுதியும்தான் ஆபத்து. மருந்து நீரில் முக்கினால் பூச்சிகள் போகும், அவற்றின் முட்டைகள் தப்பிவிடும்.

நாலு நண்டு விட்டவரின் மீன்களைப் பிடித்து வேறு தொட்டியில் வைத்து மருந்து கொடுத்தோம். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. பெரிய தொட்டி மீன் இல்லாமல் 76 நாட்கள் இருந்தது. நண்டுகள் அதிலேயே பாசியைத் தின்றுகொண்டு நன்றாக இருந்தன. போன மாதம் நத்தை வாங்கியபோது அவர், தனித்தொட்டியின் கண்ணாடியில் டேப் ஒட்டித் தேதி எழுதிப் படம் அனுப்பினார். தேதிக்குக் கீழே, நத்தைகளைப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம் என்ற நாளையும் அவரே கணக்குப் போட்டு எழுதியிருந்தார்.