நோயுற்றோரில் பெரும்பாலோர் யாருக்கும் பரப்புவதில்லை; பிறகு எதற்கு ஊரடங்கு?

"காய்ச்சலும் இருமலும் வந்தவர் பொறுப்போடு வீட்டில் இருந்துகொண்டால் போதாதா? நலமாக இருப்பவர்களை ஏன் அடைத்து வைக்க வேண்டும்?" கோவிட் பரவத் தொடங்கிய 2020 மார்ச்சில் உலகம் முழுக்க எழுந்த கேள்வியை வாசகர் ஒருவர் மறுபடி எழுப்பியிருக்கிறார். நியாயமான கேள்வி. இதற்கான விடை கிருமிக்குக் கிருமி மாறும்.

2003இல் பரவிய சார்ஸ் நோய்க்கு விடை 'போதும்' என்பதே. அந்த வைரஸ், அறிகுறி தோன்றி ஏறத்தாழ பத்தாம் நாளில்தான் உடலில் உச்சத்தைத் தொட்டது. அதற்குள் நோயாளி மருத்துவமனைப் படுக்கையில் இருப்பார். நோயுற்றவரைத் தனிமைப்படுத்துவதும், அவரோடு பழகியவர்களைக் கண்காணிப்பதும் சங்கிலியை அறுக்கப் போதுமானதாக இருந்தன. 8,096 பேரைத் தாக்கி 774 உயிர்களைப் பறித்த அந்தத் தொற்று, தடுப்பூசி இல்லாமலேயே அந்த ஆண்டு ஜூலையில் அடங்கியது.

கோவிட் வைரஸ் அப்படி நடந்துகொள்ளவில்லை. அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொற்றத் தொடங்கி, அறிகுறி தொடங்கும் வேளையை ஒட்டியே உச்சம் தொட்டுவிடும். தொற்றைக் கொடுத்தவர், வாங்கியவர் என்று 77 இணைகளை ஆராய்ந்து 2020 ஏப்ரலில் வெளியான ஒரு கட்டுரை, பரவலில் 44 விழுக்காடு அறிகுறிக்கு முன்பே நடந்துவிடுகிறது என்று மதிப்பிட்டது. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்பது ஆர் எண். தொடக்கத்தில் அது 2.5 என்று வைத்துக்கொள்வோம். தொண்டை கரகரத்த அந்த நிமிடமே எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாலும் மிஞ்சுவது 2.5இல் 44 விழுக்காடு, அதாவது 1.1. ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்றால் பரவல் மெதுவாகவேனும் வளர்கிறது என்று பொருள். இத்தனைக்கும் இதில் அறிகுறியே தோன்றாதவர்களைச் சேர்க்கவில்லை. 'சாதாரணச் சளிதான்' என்று இரண்டு நாள் வேலைக்குப் போகிறவர்களையும் சேர்க்கவில்லை. இங்கே இடறுவது மக்களின் ஒழுக்கம் இல்லை. தனக்குத் தொற்று இருப்பதை அறியாத ஒருவரால் அதற்குப் பொறுப்பேற்க முடியாது, அவ்வளவுதான்.

தகவல் இன்னொரு வகையிலும் பிந்தி வருகிறது. தொற்றிய நாளிலிருந்து அறிகுறி வர சுமார் 5 நாள். உயிரிழப்பவர்களுக்கு அறிகுறியிலிருந்து இறப்பு வரை சுமார் 18 நாள். ஒருவருக்குத் தொற்றி, அவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்ற 5 நாள் என்று கொண்டால், ஆர் 2.5ஆக இருக்கையில் எண்ணிக்கை நான்கு நாளுக்குள் இரட்டிக்கும். ஆகவே இறப்புச் செய்தி வரும் 23 நாளில் ஆறு முறை இரட்டித்திருக்கும். நூறு பேரில் ஒருவர் இறக்கிறார் என்றால், இன்றைய ஒரு மரணம் 23 நாள் முன்பு ஒரே நாளில் தொற்றிய நூறு பேரைக் குறிக்கிறது. இன்று ஒரே நாளில் தொற்றுவோர் அதைப்போல் 64 மடங்கு, 6,400 பேர். 'நம் ஊரில் ஒரே ஒரு சாவுதானே, அதற்குள் என்ன பதற்றம்' என்று கேட்கும்போது இருப்பது இந்த நிலைமை. ஊரடங்கு போட்ட பிறகு மூன்று வாரம் சாவு கூடிக்கொண்டே போவதும் இதே பின்தங்கலால்தான். அதைக் காட்டி 'ஊரடங்கு தோற்றது' என்று எழுதியவர்கள் பழைய தொற்றைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் சராசரிக் கணக்கு. இந்த விவாதத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி சராசரி உடைகிற இடத்தில் தொடங்குகிறது.

ஆர் 2.5 என்றதும் ஒருவர் இரண்டு மூன்று பேருக்குக் கொடுப்பார், அவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பேருக்குக் கொடுப்பார்கள் என்று கிளைவிரியும் படம் மனத்தில் வரும். செய்தித்தாள்களும் அப்படித்தான் வரைந்தன. நடந்தது வேறு. பரவல் எவ்வளவு ஏற்றத்தாழ்வோடு பகிரப்படுகிறது என்பதைச் சொல்ல இன்னொரு எண் உண்டு. புள்ளியியலாளர்கள் அதைக் கே என்பார்கள். கே பெரிதாக இருந்தால் எல்லோரும் ஏறக்குறைய சமமாகப் பரப்புகிறார்கள். சிறிதாகச் சிறிதாக, பரவல் சிலர் கையில் குவிகிறது. சார்ஸுக்குக் கணித்த கே 0.16. கோவிட்டின் தொடக்க மாதங்களுக்கான மதிப்பீடுகள் பெரும்பாலும் 0.1க்கும் 0.5க்கும் இடையில் இருந்தன.

கேயை 0.1 என்று எடுத்துக்கொண்டு, இத்தகைய ஏற்றத்தாழ்வைக் கணக்கிடும் 'நெகட்டிவ் பைனாமியல்' என்ற புள்ளியியல் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. தொற்றுள்ள நூறு பேரில் 72 பேர் ஒருவருக்குக்கூடக் கொடுப்பதில்லை. 7 பேர் ஒரே ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். பத்துப் பேருக்கு மேல் கொடுப்பவர்களும் 7 பேர்தான். ஆனால் மொத்தத் தொற்றில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஏழு பேரிடமிருந்து கிளம்புகிறது. சமமாகப் பரவும் நோயாக இருந்து அதே 2.5 சராசரி என்றால், யாருக்கும் கொடுக்காதவர்கள் நூற்றில் 8 பேர்தான் இருப்பார்கள்.

இதிலிருந்து இன்னொன்று பிறக்கிறது. ஒரு ஊருக்குள் தொற்றுள்ள ஒருவர் வந்து இறங்குகிறார். சமமாகப் பரவும் நோய் என்றால் சங்கிலி தானாக அறுந்துபோக 11 விழுக்காடு வாய்ப்பு. கே 0.1 உள்ள நோய்க்கு அதே வாய்ப்பு 86 விழுக்காடு. ஈர விறகில் குச்சி குச்சியாகக் கிழித்துப் போடுவதுபோல, பெரும்பாலானவை புகைந்து அணைந்துவிடும். பற்றிக்கொள்ளும் ஒன்றோ விறகடுக்கையே எரித்துவிடும். தென்கொரியாவில் 2020 ஜனவரி 20 அன்று முதல் நோயாளி உறுதியானார். பிப்ரவரி 17 வரை மொத்தம் 30 பேர்தான். மறுநாள் உறுதியான 31ஆவது நோயாளி வழியாகத் தேகு நகரின் ஒரு மதக் கூட்டத்தில் பரவிக்கிடந்த நோயாளிக் கொத்து வெளிச்சத்துக்கு வந்தது. அதோடு தொடர்புடையவர்கள் ஐயாயிரத்தைத் தாண்டினார்கள். அவர்தான் தொடக்கம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் முப்பது பேர்வரை புகைந்தது, பிறகு ஒரே இடத்தில் வெடித்தது என்பது சிறிய கே எண்ணின் கையெழுத்து.

முதல் இரண்டு மாதங்களில் எந்த நாடு தப்பித்தது, எது சிக்கியது என்பதில் குருட்டு அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது என்பதும் இதனால்தான். தப்பித்த ஊர்க்காரர்கள் தங்கள் வெயிலுக்கும் உடல்வாகுக்கும் உணவுக்கும் வழிபாட்டுக்கும் நன்றி சொல்லிக்கொண்டார்கள். அடுத்த அலையில் அதே வெயிலும் உணவும் வழிபாடும் இருக்கவே செய்தன.

சரி, அந்த ஏழு பேர் யார்? தனிவகை மனிதர்கள் என்று தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஒருவரின் உச்சத் தொற்றுக்காலம் ஓரிரு நாள்தான். அந்த நாள்களில் அவர் தனியாக வீட்டில் இருந்தால் 72 பேரில் ஒருவர். மூடிய அறையில், கூட்டத்தில், உரக்கப் பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ இருந்தால் 7 பேரில் ஒருவர். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் பகுதியில், ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்கு மூன்று நாளாக லேசான சளி போன்ற அறிகுறி. பிறகு உறுதியானவர்கள், ஐயத்துக்குரியவர்கள் எல்லாம் கூட்டினால் அவரையும் சேர்த்து 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். கைச் சுத்திகரிப்பான் வைத்திருந்தார்கள், கட்டித்தழுவுவதைத் தவிர்த்தார்கள். அன்றைய அறிவுரைப்படி பொறுப்பான மனிதர்கள்தான். அறைக்காற்று குறித்து அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் நுண்துளிகளில் சிறியவை தரையில் விழாமல் மிதக்கும். வாசல் சன்னல் மூடிய அறையில், மணிக்கு ஒரு முறை மட்டுமே காற்று மாறுகிறது என்றால், புதுக்காற்று பழையதோடு கலந்துகொண்டே வெளியேறும் என்பதால், இருக்கும் காற்றில் 63 விழுக்காடு வெளியேறவே ஒரு மணி நேரம் ஆகும். 95 விழுக்காட்டுக்கு மூன்று மணி நேரம். மணிக்கு ஆறு முறை மாறினால் அந்த 63 விழுக்காடு பத்து நிமிடத்தில் போய்விடும். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சிறு கருவி ஒன்றை மேசையில் வைத்தாலே நிலைமை தெரியும்: திறந்தவெளியில் 400 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) சற்றுத் தாண்டி நிற்கும், ஆள் நிறைந்த அறையில் 800க்குக் கீழ் இருந்தால் பரவாயில்லை, 1,500ஐத் தாண்டினால் பிறர் விட்ட மூச்சைத்தான் கணிசமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கருவிகளுக்கும் காற்றோட்ட ஆய்வுக்கும் போக வேண்டிய பணம், பல நாடுகளில் தெருவுக்கு மருந்தடிக்கும் வண்டிகளுக்குப் போனது. திறந்தவெளியில் மருந்து தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது. வண்டிகள் அதற்குப் பிறகும் ஓடின. கண்ணுக்குத் தெரிகிற புகைமண்டலம் எந்த அரசுக்கும் வசதியான சடங்கு.

கே சிறியது என்று தெரிந்தால் தேடும் திசையும் மாற வேண்டும். ஒரு நோயாளியிடம் 'இனி யாருக்குக் கொடுத்திருப்பீர்கள்' என்று முன்னோக்கித் தேடினால் சராசரியாக 2.5 பேர் அகப்படுவார்கள். 'உங்களுக்கு எங்கே வந்தது' என்று பின்னோக்கித் தேடி, கொடுத்தவரைப் பிடித்தால், அவர் இவரைத் தவிர இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பார்? ஒன்றைக் கேயால் வகுத்தால் இங்கே 10 வரும்; அதோடு ஒன்றைக் கூட்டி, வந்த தொகையால் ஆர் எண்ணைப் பெருக்க வேண்டும்: 2.5 பெருக்கல் 11, அதாவது 27க்கும் மேல். பெருங்கொத்துகளில்தான் அதிகம் பேர் அகப்படுவார்கள் என்பதால், அகப்பட்ட ஒருவரைப் பின்தொடர்ந்தால் நூல் பெருங்கொத்துக்கே கொண்டுபோகும். ஜப்பான் 2020 தொடக்கத்திலேயே இப்படிப் பின்னோக்கித் தேடியது. மூடிய இடம், நெரிசல், நெருங்கிய பேச்சு மூன்றையும் தவிருங்கள் என்ற எளிய அறிவுரை அந்தத் தேடலில் விளைந்தது.

இனி ஊரடங்கா, தனிமனிதப் பொறுப்பா என்ற வழக்குக்கு வரலாம். அதே சூத்திரத்தில், எந்த ஒருவரும் பத்துப் பேருக்கு மேல் பரப்ப முடியாதபடி உச்சவரம்பு வைத்தால் ஆர் 2.5லிருந்து 1.4க்கு இறங்குகிறது. வரம்பு ஐந்து என்றால் 0.93. வேறெதையும் தொடாமல், ஒருவரே பலருக்குப் பரப்பும் பெருங்கூட்டங்களை மட்டும், அதாவது இந்தப் பரவலின் வாலை மட்டும், நறுக்கியதில் கிடைத்தது இது. மறுபக்கம், கூட்டங்களைத் தொடாமல் எல்லோரும் தனித்தனியே 30 விழுக்காடு எச்சரிக்கை காட்டினால் 1.75தான். பத்துப் பேர் வரம்பும் 30 விழுக்காடு எச்சரிக்கையும் சேர்ந்தால் 0.98. நடைமுறையில் ஒருவர் ஒரே நாளில் மூன்று சிறு கூட்டங்களுக்குப் போவார், கே 0.5ஆக இருந்தால் ஆதாயமும் குறையும். ஆகவே இந்த எண்களை அப்படியே சட்டமாக்க முடியாது. ஆனால் எதை முதலில் மூடுவது என்ற வரிசை இதில் தெளிவாகவே தெரிகிறது: அரங்குகள், விருந்துக்கூடங்கள், மூடிய வழிபாட்டுக்கூட்டங்கள் முதலில். பூங்காவும் கடற்கரையும் கடைசியில், அல்லது மூடவே வேண்டாம். பல இடங்களில் தலைகீழாகச் செய்தார்கள்.

ஆணை இல்லாமலேயே மக்கள் ஒதுங்குவார்கள் என்ற வாதத்தில் உண்மை உண்டு. அமெரிக்காவில் 2020 வசந்தத்தில் கடைகளுக்குப் போவோரின் நடமாட்டம் 60 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. அதில் சட்டக் கட்டுப்பாட்டின் பங்கு 7 புள்ளிதான் என்று சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் கூல்ஸ்பீயும் சிவர்சனும் கணக்கிட்டார்கள். ஸ்வீடனைச் சுட்டுவோரும் உண்டு. ஆனால் அங்கேயும் மார்ச் இறுதியில் 50 பேருக்கு மேற்பட்ட பொதுக்கூட்டம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. மேல்நிலைப் பள்ளிகள் தொலைவழிக்கு மாறின. வாலை நறுக்கிவிட்டு மீதியை மக்களிடம் விட்டார்கள் என்பதே சரியான விவரிப்பு. அப்படியும் அந்த வசந்தத்தில் மக்கள்தொகை விகிதத்தில் அங்கே இறந்தவர்கள் நார்வே, டென்மார்க், பின்லாந்தைவிடப் பல மடங்கு அதிகம். முதியோர் இல்லங்களுக்குள் தொற்று புகுந்தது பெரிய காரணம். அங்கிருந்தவர்களுக்குத் தனிமனிதப் பொறுப்பால் தடுத்துக்கொள்ள என்ன இருந்தது?

முழு ஊரடங்கு மொண்ணையான கருவி. எது ஆபத்து என்று தெரியாதபோது எல்லாவற்றையும் நிறுத்துகிறது. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவில் அமலுக்கு வந்த இந்திய ஊரடங்கு, அடுத்த சில நாள்களில் பேருந்து நிலையங்களில் புலம்பெயர் தொழிலாளர்களின் பெருங்கூட்டத்தை உருவாக்கியது. தவிர்க்க நினைத்த நெரிசலை அதுவே கூட்டிவைத்தது. ஓரறை வீட்டில் ஆறு பேர் அடைபட்டால் வீட்டுக்குள் பரவல் கூடும் என்பதும் மறக்கக்கூடாதது. போட்டே ஆகவேண்டும் என்றால் கூட்டங்களை முதலில் தடைசெய்து, ஊர்திரும்ப மூன்று நான்கு நாள் விட்டு, கூலிக்கும் சாப்பாட்டுக்கும் வழிசெய்து போட வேண்டும்.

ஆனால் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. ஆர் 2.5இல் ஒரு வாரம் காத்திருந்தால் தொற்று 3.6 மடங்காகும். கடுமையான ஊரடங்கில் ஆர் 0.7க்கு வந்தால், அந்த 3.6 மடங்கை மறுபடி பழைய அளவுக்கு இறக்க 18 நாள் பிடிக்கும். ஏழு நாள் தயக்கத்துக்குப் பதினெட்டு நாள் கூடுதல் அடைப்பு. நியூசிலாந்து சுமார் 200 நோயாளிகள் இருந்தபோதே மார்ச் 25 நள்ளிரவை ஒட்டி மூடியது. ஜூன் 8 அன்று அங்கே சிகிச்சையில் ஒருவரும் இல்லை. தீவு நாடு, எல்லையை மூடுவது எளிது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊரடங்கால் வைரஸ் சாவதில்லை. அது வாங்கித் தருவது நாள்கள் மட்டுமே. அந்த நாள்களில் பரிசோதனை முடிவு 24 மணி நேரத்தில் வருமாறு செய்ய வேண்டும், பின்னோக்கித் தேடும் ஆள்களைப் பயிற்றுவிக்க வேண்டும், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சன்னல்களையும் மின்விசிறிகளையும் சரிபார்க்க வேண்டும், தனிமைப்படுத்தப்படும் கூலித் தொழிலாளிக்கு அந்த நாள்களின் ஊதியம் போய்ச் சேர ஏற்பாடு வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் அவர் பரிசோதனைக்கே வரமாட்டார்.