மின்விசிறி சுற்றுகிறது, திரை எழவில்லை

ரங்கூனில் மின்சாரம் திரும்பி வந்தால் தெருவே கத்தும். "மீ லாபி!" என்று மாடிக்கு மாடி பிள்ளைகள் கூவுவார்கள். விளக்கு வந்துவிட்டது என்று பர்மியத்தில் பொருள். அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் எனக்கு ஒரு போன் வரும். போன வாரம் வந்தது எங்கள் வட்டாரக் கோயில் கணக்குப்பிள்ளையிடமிருந்து.

"தம்பி, பெட்டி எழுந்திருக்க மாட்டேங்குது. விசிறி மட்டும் சுத்துது."

"ஸ்கிரீன்ல ஏதாவது வருதாங்கய்யா?"

"ஒண்ணும் இல்ல. இருட்டு."

அனோரத்தா சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் சின்ன அச்சுக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடிப்பது தொழில். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது தொழில் இல்லை, தலையெழுத்து. ஸ்க்ரூ டிரைவரும் பள்ளிக்கூட ரப்பர் ஒன்றும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரப்பர் எதற்கு என்று பின்னால் தெரியும்.

விசிறி சுற்றினால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது சரியில்லை. விசிறிக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும். அது கிடைத்ததும் சுற்ற ஆரம்பித்துவிடும், யாருடைய அனுமதியும் அதற்கு வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் உயிர் பெறுவது வேறு கதை. அங்கே ஒருவர் எழுந்து அடுத்தவரை எழுப்ப வேண்டும், அவர் அதற்கடுத்தவரை. பூட் ஆகாத, அதாவது எழுந்து வேலைக்கு வராத பெட்டியைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "என்ன கெட்டுப்போச்சு" என்பதல்ல, "எழுப்புகிற வேலை யாரிடம் வந்து நின்றது" என்பது.

'பூட்' என்ற சொல்லே இந்தச் சிக்கலைத்தான் சொல்கிறது. காலில் போட்டிருக்கும் பூட்ஸின் பட்டையைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்ற கேலிப் பேச்சிலிருந்து வந்தது. வட்டில் (ஹார்டு டிஸ்க்) இருக்கும் நிரலை, அதாவது புரோகிராமை, நினைவகத்துக்குக் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் கொண்டுவருவது? பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி. இதற்காகத்தான் எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டில் ஒரு சின்னச் சில்லில் கொஞ்சம் நிரலை நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நிரலுக்குப் பழைய பெட்டியில் பயாஸ் என்று பெயர், புதியதில் யூஇஎஃப்ஐ. பெட்டியின் மூளையான சி.பி.யு. கண் விழித்ததும் முதலில் போய்ப் பார்க்கும் முகவரிகூட முன்பே முடிவானது. இன்றைய பெட்டிகளில் அது நினைவக முகவரிகளின் 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. 16 பைட்டில் என்ன எழுத முடியும்? "அங்கே போ" என்று ஒரு தாவல் கட்டளை எழுதலாம், அது போதும்.

ஆனால் சி.பி.யு. கண் விழிக்கும் முன்னாலேயே ஒரு நாடகம் நடந்து முடிந்திருக்கும். எங்கள் ஊரில் பாதிப் பெட்டிகள் அங்கேதான் படுக்கின்றன.

1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பில், முகப்பில் இருக்கும் பவர் பட்டன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அல்ல. பிளக் செருகியிருக்கும் வரை பவர் சப்ளை, அதாவது சுவர் மின்சாரத்தைப் பெட்டிக்கேற்ற வோல்ட்டாக மாற்றும் பாகம், 5 வோல்ட்டை மட்டும் மெல்லியதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால் மதர்போர்டு ஒரு பச்சை வயரின் வோல்ட்டைப் பூஜ்யத்துக்கு இழுக்கும். "எழுந்திரு" என்று சப்ளைக்குச் சொல்வது அதுதான். உடனே 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் ஏறத் தொடங்கும். அவை நிலைத்து நின்ற பிறகு, 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள், சப்ளை சாம்பல் நிற வயரில் "எல்லாம் நலம்" என்று ஒரு சேதி அனுப்பும். அது வரும்வரை சி.பி.யு.வைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பார்கள். சேதி வராவிட்டால் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், மற்றதெல்லாம் பிணம்.

சேதி ஏன் வராது? சப்ளைக்குள் மின்தேக்கிகள் இருக்கின்றன, கபாசிட்டர் என்று கடையில் கேட்போமே, அவை. உள்ளே திரவம். வெப்பத்தில் அது மெல்ல மெல்லக் காயும். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் இருப்பவர்கள் கைக்கணக்கு. சித்திரை வெயிலில் ரங்கூனில் மூடிய அறைக்குள் வைத்த பெட்டியின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தலை உப்பிய கபாசிட்டர் கண்ணில் பட்டால் மேற்கொண்டு விசாரணையே வேண்டாம்.

இன்னொன்று, மின்னழுத்தம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில், தெருவில் எல்லா ஃபிரிட்ஜும் பம்பும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கும்போது 160-க்கு இறங்கிவிடும். கபாசிட்டரில் தேங்கும் ஆற்றல் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 160-ஐ 230-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்: 0.48. வோல்ட் முப்பது சதவீதம் குறைந்தாலும் சேமிப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. நல்ல நிலையில் உள்ள சப்ளை, கரண்ட் அறுந்தாலும் சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட். கண் இமைக்கும் நேரத் தள்ளாட்டத்தில் பழைய, மலிவான பெட்டிகள் விழுவதற்குக் காரணம் இதுதான். "மீ லாபி" கேட்டதும் பட்டனை அழுத்தாதீர்கள் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. அஞ்சு நிமிஷம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும்? யாரும் பொறுப்பதில்லை. நானும்தான்.

சரி, கோயிலுக்கு வருவோம். அலுவலகத்தில் ஊதுபத்தி வாசனை, ரசீதுப் புத்தகக் கட்டு, மேசைக்கடியில் பத்து வருஷத்துக்கும் மேல் ஓடிய கறுப்புப் பெட்டி. பக்கக் கதவைக் கழற்றினேன். கபாசிட்டர்கள் தட்டையாக இருந்தன. வீச்சமோ கருகலோ இல்லை. விசிறி ஒரே சீராகச் சுற்றியது. சுற்றி நின்று, சுற்றி நின்று என்று இருந்திருந்தால் எங்காவது ஷார்ட் என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

அடுத்து செய்ததைப் பார்த்துக் கணக்குப்பிள்ளை பதறிவிட்டார். பிளக்கைப் பிடுங்கி, ராம் குச்சியை (ஓடும் நிரல் தங்கும் நினைவகம் அது) கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ராம் இல்லாமலே பெட்டியைப் போட்டேன்.

"என்ன தம்பி, இருக்கறதையும் எடுத்துட்டீங்க?"

பதிலைப் பெட்டியே சொன்னது. பீஈப், பீஈப் என்று நீளமாக ஓலம். எனக்கு அது மேளச்சத்தம் மாதிரி இருந்தது.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். ராம் இல்லை என்று புகார் சொல்ல வேண்டுமானால் சப்ளை சேதி அனுப்பியிருக்க வேண்டும், சி.பி.யு. எழுந்திருக்க வேண்டும், பயாஸ் சில்லைப் படித்திருக்க வேண்டும். ஒரு ஓலத்தில் மூன்று பேருக்கும் நற்சான்று. ராமே இல்லாமல் நிரல் எப்படி ஓடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடக்கத்தில் பயாஸ் சி.பி.யு.வுக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தையே தற்காலிகத் திண்ணையாக வைத்துக்கொள்ளும். வீடு ரெடியானதும், அதாவது ராமுடன் நேரக்கணக்கு ஒத்துப்போனதும், உள்ளே குடிபுகும். திரையை எழுப்பும் கட்டம் அதற்கும் பிறகுதான் வருகிறது. அதனால் அதற்கு முன் நேரும் தவற்றை எழுதிக் காட்ட வழியில்லை, ஊளையிடத்தான் முடியும். ஒலிக்கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவார்டு என்ற நிறுவனத்தின் பயாஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸில் கோளாறு. புதுப் போர்டுகளில் பெரும்பாலும் ஸ்பீக்கரே இருப்பதில்லை. பல போர்டுகளில் அதற்குப் பதில் நாலு சின்ன விளக்கு, எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. எனக்கென்னவோ ஊளைதான் வசதி, அடுத்த அறையிலிருந்தும் கேட்கும்.

ராமைக் கழற்றியும் பெட்டி வாய் திறக்கவில்லை என்றால் அது வேறு மாதிரி, பெரிய செலவு.

இப்போது ரப்பர். டி.டி.ஆர்.3 ராம் குச்சியின் விளிம்பில் 240 தொடுமுனைகள். மேலே தங்கப் பூச்சு, கீழே நிக்கல், அதற்கும் கீழே செம்பு. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் பூச்சு அவ்வளவு மெல்லியதாக இருந்தால் அதில் நுண்துளைகள் இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர் இது. மழைக்காலத்தில் செருப்பே பூசணம் பூக்கும். ஈரம் துளை வழியாக உள்ளே போய் அடி உலோகத்தை அரிக்கும், அந்தக் களிம்பு மேலே ஏறி வரும். அதோடு பெட்டி ஒரு நாளில் பலமுறை சூடாகி ஆறுவதால் குச்சி இடத்திலேயே நுணுக்கமாக உராய்ந்துகொண்டிருக்கும். 240-ல் ஒரு முக்கியமான முனை பிடிப்பு விட்டாலே போதும், ராம் இருந்தும் இல்லை.

மென்மையான ரப்பரால் விளிம்பை ஒரே திசையில் நாலு தேய்ப்பு, துகளை ஊதாமல் பிரஷால் தட்டல் (ஊதினால் எச்சில் ஈரம் போகும்), திரும்பச் செருகி இரண்டு பக்கமும் 'க்ளிக்' கேட்கும்வரை அழுத்தினேன். அழுத்தித் தேய்த்தால் தங்கமும் போய்விடும், கவனம். பவர் போட்டதும் ஒரு சின்ன பீப். திரையில் எழுத்து.

கணக்குப்பிள்ளை கும்பிட்டார். சீக்கிரம் கும்பிட்டுவிட்டார். திரையில் தேதி 2009 ஜனவரி 1 என்று இருந்தது. அதைத் தாண்டி விண்டோஸ் சின்னம் ஒரு நொடி வந்து, நீலப் பிழைத்திரை மின்னி, பெட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. திரும்பத் திரும்ப அதே.

தேதியே குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது. மதர்போர்டில் ஒரு வட்டப் பாட்டரி இருக்கும், சி.ஆர். 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், பெயரே அளவுதான். பெட்டி தூங்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அது. அந்தக் கடிகாரம் நொடிக்கு 32,768 முறை துடிக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம். 32,768 என்பது 2-ஐ 15 தடவை பெருக்கினால் வருவது, பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் சரியாக ஒரு நொடி. பாட்டரியில் சுமார் 225 மில்லிஆம்பியர் மணி சரக்கு. கடிகாரம் 5 மைக்ரோஆம்பியர் குடித்தால் 45,000 மணி, ஐந்து வருஷம். மின்சாரம் ஓயாமல் இருக்கும் ஊரில் முன்சொன்ன 5 வோல்ட்டே கடிகாரத்துக்குச் சாப்பாடு போடும், பாட்டரி சும்மா இருக்கும். இங்கே மின்சாரம் முறை வைத்து வருகிறது. நாளின் பெரும்பகுதி பாட்டரிதான் உழைக்கிறது.

பழைய போர்டுகளில் பாட்டரி செத்தால் பயாஸில் நாம் வைத்த அமைப்புகளும் மறந்துபோகும். இந்தப் பெட்டியில் வட்டு பேசும் முறை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து பழைய ஐ.டி.இ.க்குத் திரும்பியிருந்தது. விண்டோஸ் ஒரு முறையில் பழகியிருக்க, பயாஸ் இன்னொரு முறையில் கதவைத் திறக்கிறது. வட்டு நன்றாகத்தான் இருக்கிறது, கதவுதான் வேறு. இந்த நிலையில் அவசரப்பட்டு வட்டை அழித்து மறுபடி விண்டோஸ் போட்டிருந்தால் பல வருஷ நன்கொடைக் கணக்கு போயிருக்கும். அப்படிப் போன வீடுகளை எனக்குத் தெரியும்.

தெருமுனைக் கடிகாரக் கடையில் புதுப் பாட்டரி வாங்கிப் போட்டேன். பயாஸில் ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றி, தேதியையும் திருத்தினேன். விண்டோஸ் முழுதாக எழுந்தது, தைப்பூச வரவுப் பட்டியல் அப்படியே இருந்தது. இரண்டாவது கும்பிடுக்கு முன் அதைப் பென்டிரைவில் நகல் எடுக்கச் சொன்னேன்.

கணக்குப்பிள்ளையின் பேத்தி மேசையில் கிடந்த பழைய பாட்டரியை நாணயம் என்று நினைத்து எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று வாங்கிக்கொண்டேன். கடிகாரத்துக்குச் செத்த பாட்டரியிலும் தொண்டையைப் பொசுக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கும். விழுங்கினால் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாகிவிடும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். படியிறங்கும்போது கரண்ட் போனது.