தூணைக் கழற்ற முதல் ஒருக்கால் கேளுங்கள்

போன கிழமை இன்னொன்று. டச்சு விரிகுடாப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. ஓடு இறக்கியாயிற்று, முன் விறாந்தைச் சுவர் இடித்தாயிற்று, மரத்தூண் இரண்டும் மதிலோரம் கிடக்கின்றன. அதற்குப் பிறகுதான் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வருகிறது: "தம்பி, வேலையை நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு, ஒரு பிளான் கீறித் தருவீங்களா?" என்னத்தைக் கீறுவது அக்கா? இருந்த சுவரின் அளவே இல்லையே. இந்த வருஷம் இது நான்காவது.

எல்லாரும் சொல்வது ஒரே கதை. "எங்கட உறுதிக் காணி, 1815-க்குப் பிந்தின வீடு, யார் கேக்கிறது?" இந்த 1815 மேசன்மார் வரைக்கும் மனப்பாடம். கண்டி ராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2-க்கு முந்திய கட்டடம் என்றால் இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் புராதனச் சின்னம்தான், அது சரி. ஆனால் 1940-இல் வந்த அதே சட்டம், நூறு வருஷம் கடந்த கட்டடத்தையும் வர்த்தமானியில் (அரச கெசட்டில்) போட்டுப் பாதுகாக்கலாம் என்கிறது. தனியார் வீடும் அதில் அடங்கும். போட்டுவிட்டால் திருத்தமோ, மாற்றமோ, புதிதாக ஒரு அறை சேர்ப்பதோ, எதற்கும் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். உங்கள் காணி உறுதிப் பத்திரத்தை யாரும் பறிக்கவில்லை. காணி யாருடையது என்று உறுதி சொல்லும், சுவரை இடிக்கலாமா என்று சொல்லாது. சரி, வர்த்தமானியில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருவதாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிக்குள் வீடு இருந்தால் 1978-ஆம் ஆண்டின் 41-ஆம் இலக்கச் சட்டப்படி அபிவிருத்தி அனுமதி தேவை, வீடு ஒல்லாந்தர் காலத்ததோ போன மாரிக்குக் கட்டியதோ.

இடையில் ஒன்று: சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு மேல் சீமெந்து பூசாதீர்கள். ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டு, பூச்சு பொருமிக் கழரும். இது சட்டமில்லை, என் வயிற்றெரிச்சல்.

தொடங்க முதல் நாலு பக்கமும் படம் எடுங்கள், கதவு நிலை, தூண், ஓட்டு வரிசை எல்லாம். நகர அபிவிருத்தி அதிகார சபையிலும் கேளுங்கள், தொல்பொருள் திணைக்களத்திலும் கேளுங்கள். "பரவாயில்லை, செய்யுங்க" என்று வாயால் சொன்னதை நம்பி கம்பிப்பாரையைத் தூக்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். கனடா அண்ணன் ஆவணிக்கு டிக்கெட் போட்டுவிட்டார் என்பதெல்லாம் அவசரம்தான், தெரியும். விண்ணப்பத்தில் அதற்கு இடம் இல்லை.

அக்கா, அந்தத் தூண் இரண்டையும் தயவுசெய்து விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். நிலத்தில் படாமல் கல் வைத்து உயர்த்துங்கள், படத்தில் ஒன்றின் அடியில் கறையான் மண் தெரிகிறது. நாளைக்குக் காலையில் அளவெடுக்க வருகிறேன்.