நாய்க்குட்டி விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தகராறு: 2017 விதிகள் சொல்வது என்ன?

குட்டி கைமாறும் அன்று தகராறு வராது. ஒன்றிரண்டு வருடம் கழித்து, பெட்டை ஹீட்டுக்கு (இனச்சேர்க்கைப் பருவத்துக்கு) வந்து, வீட்டுக்காரர் மேட்டிங் போடலாமா (ஆண் நாயோடு சேர்க்கலாமா) என்று யோசிக்கும்போதுதான் ஆரம்பிக்கும். "வீட்டில் வளர்க்கத்தான் கொடுத்தேன், குட்டி எடுத்து விற்பதற்கு இல்லை" என்பார் ப்ரீடர், அதாவது நாய்களைக் குட்டி எடுத்து விற்பவர். "காசு கொடுத்து வாங்கியாச்சு, இனி அது என் நாய்" என்பார் வாங்கியவர். குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, முதல் ஈத்தில் இரண்டு குட்டி தனக்கு வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. இதற்கெல்லாம் சட்டம் எதுவும் கிடையாது என்று இரு தரப்பிலும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் இருக்கிறது. அது இருவரின் பணத்தையும் விட அந்தத் தாய் நாயின் உடம்பைத்தான் முதலில் பார்க்கிறது.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளை வெளியிட்டது. இதன்படி, நாய்களைக் குட்டி எடுத்து விற்பதற்காக வைத்திருக்கும் எவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 5,000 ரூபாய். பதிவு 2 வருடம் செல்லும், வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. இடைத்தரகரும் நாய் வியாபாரியும்கூட இந்த விதிகளின் வரம்புக்குள் வருகிறார்கள். பெரிய பண்ணை வைத்திருப்பவருக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். மாடி வீட்டில் இரண்டு லேப்ரடார் வைத்துக் குட்டி எடுத்து விற்பவரும் விதியின் சொற்படி ப்ரீடர்தான். அதாவது, "என் நாய், என் இஷ்டம்" என்று மேட்டிங் போட்டு விற்கக் கிளம்பும் வீட்டுக்காரரும் அந்த நிமிடத்தில் எதிர்த்தரப்பின் இடத்துக்குப் போய்விடுகிறார்.

தாய் நாய்க்கு விதி வைத்திருக்கும் எல்லைகளை இரண்டு தரப்பும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. 18 மாதம் நிரம்பாத பெட்டையை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. மேட்டிங்குக்கு முன்பே கால்நடை மருத்துவர் பார்த்து, ஆரோக்கியமாக இருக்கிறது என்று சான்று தந்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு ஈத்து. வாழ்நாளில் மொத்தமே ஐந்து. எட்டு வயதைத் தாண்டினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவை என நெருங்கிய இரத்த உறவில் சேர்க்கக் கூடாது. நாய்க்கு ஹீட் பொதுவாக வருடத்துக்கு இரண்டு தடவை வரும். இரண்டு தடவையும் குட்டி எடுத்தால் உடம்பு மெலிந்து, முடி கொட்டி, மடி தொங்கிப் போன ஒரு நாய்தான் மிஞ்சும். குட்டி பார்க்கப் போகும்போது தாயைக் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். விலாவையும் மடியையும் ஒரு நிமிடம் பார்த்தாலே அந்த வீட்டின் கணக்கு புரியும். "தாய் ஊரில் இருக்கு" என்ற பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்த எல்லைகளை எந்த ஒப்பந்தத்தாலும் தாண்ட முடியாது. மலிவாக வாங்கியதற்குப் பதிலாக இரண்டு ஈத்துக் கொடுப்பேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், பெட்டைக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அதை மேட்டிங்குக்கு அனுப்பச் சொல்லி ப்ரீடர் கட்டாயப்படுத்த முடியாது. அப்புறம் பணத்தைப் பற்றித்தான் பேச முடியும், நாயைப் பற்றி இல்லை.

விற்பனைக்கு வருவோம். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. விற்கும் முன் மைக்ரோசிப் போட்டிருக்க வேண்டும், தடுப்பூசிப் பதிவைக் கையில் தர வேண்டும். அரிசி அளவே இருக்கும் அந்தச் சிப்பில் 15 இலக்க எண் ஒன்று உண்டு. ஸ்கேனர் வைத்திருக்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், வரும் எண்ணும் பேப்பரில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அன்றே சரிபாருங்கள். ஒரு குட்டியின் பேப்பரைக் காட்டி வேறு குட்டியைத் தலையில் கட்டும் வேலை இதில்தான் பிடிபடும்.

இங்கேதான் பலரும் தடுமாறும் இடம் வருகிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நாயை விற்பதானால் கருத்தடை செய்துதான் விற்க வேண்டும். வாங்குபவர் பதிவு பெற்ற இன்னொரு ப்ரீடராக இருந்தால் மட்டும் விலக்கு. ஆனால் இரண்டு மாதக் குட்டியாக வாங்கியவர் அதற்குப் பின்னாளில் கருத்தடை செய்தே தீர வேண்டும் என்று இந்த விதி சொல்லவில்லை. ஆக, குட்டி விற்கும்போது ப்ரீடர் எழுதி வாங்கும் "குட்டி எடுக்க மாட்டேன்" என்ற உறுதிமொழி அரசு விதி அல்ல, இருவருக்கும் இடையிலான தனி ஒப்பந்தம்.

ஒப்பந்தம் என்பதால் அதற்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. தெரிந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அது உங்களைக் கட்டும். மீறினால் ஒரு லட்சம் என்று எழுதியிருந்தாலும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் கொடுக்கும், அந்த ஒரு லட்சம் உச்ச வரம்பு மட்டுமே. பத்திரத்தைக் காட்டி வீட்டுக்கு வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போகும் உரிமை ப்ரீடருக்குக் கிடையாது. பதிவே இல்லாதவர் வழக்குப் போட்டால், அவருடைய விற்பனையே விதிக்குப் புறம்பானது என்று எதிர்வாதம் வைக்கவும் இடமுண்டு. வாய்ப்பேச்சாக மட்டும் சொன்ன நிபந்தனையை நிரூபிப்பது கஷ்டம். நேர்மையான ப்ரீடர்களுக்கும் இதைச் சொல்கிறேன். தன் வம்சாவளி நாய்கள் கண்டவர் கையில் குட்டி போடும் இயந்திரமாகிவிடக் கூடாது என்று கவலைப்படுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதை எழுத்தில், தமிழில், ரசீதோடு சேர்த்துக் கொடுங்கள்.

பேப்பர் விஷயம் இன்னொரு குழப்பம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா (கேசிஐ) சென்னையில் தலைமையிடம் கொண்ட ஒரு சங்கம், அரசுத் துறை இல்லை. கேசிஐ சான்றிதழ் நாயின் வம்சாவளியைச் சொல்லும், விற்பவருக்கு அது உரிமம் ஆகாது. "கேசிஐ பேப்பர் இருக்கு" என்று சொல்பவரிடமும் வாரியப் பதிவு எண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். ப்ரீடரின் உண்மையான பிடி இந்தப் பேப்பரில்தான். அதை வாங்கியவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்காவிட்டால் அந்தப் பெட்டை போடும் குட்டிகளுக்குப் பேப்பர் எடுக்க முடியாது. பேப்பரோடு சேர்த்து விலை பேசிவிட்டு, பிறகு பெயர் மாற்றித் தராமல் இழுத்தடித்தால் அது சேவைக் குறைபாடு.

அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்து பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வியாபாரத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார். குட்டி எடுத்து விற்க வாங்கினேன், பேப்பர் இல்லாததால் நஷ்டம் என்று மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். வயிற்றுப்பாட்டுக்கான சுயதொழில் என்றால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இனத் தடை பற்றிய சண்டை தனி. 2024 மார்ச் 12 அன்று பிட்புல், ராட்வைலர் உட்பட 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனைக்குத் தடை கேட்டு மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்யவும் சொன்னது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் 10 அன்று அதை ரத்து செய்தது. தமிழ்நாடும் அந்த மே மாதம் தடையை அறிவித்து உடனே திரும்பப் பெற்றது. அதே வருடம் வந்த தமிழ்நாட்டின் நாய் இனப்பெருக்கக் கொள்கை வேறு காரணம் சொன்னது: சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவை நம் வெயிலைத் தாங்காது, எனவே இங்கே பெருக்கக் கூடாது என்று. என் பார்வையில் இது சரியான யோசனை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் இருக்கும் ஊரில், ஏசி இல்லாமல் மே மாதத்தைக் கடக்க முடியாத நாயைப் பெருக்குவது அதற்குச் செய்யும் கொடுமை. இந்தக் கொள்கையும் நீதிமன்றம் வரை போனது. எனவே அந்த இனங்களை வாங்கவோ மேட்டிங் போடவோ நினைப்பவர்கள் அன்றைய நிலையைக் கால்நடைத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2017 விதிகளை மீறினால் என்ன தண்டனை? மேலே சொன்ன 1960 சட்டத்தின்படி 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு குட்டியைப் பல ஆயிரத்துக்கு விற்பவருக்கு 100 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. இந்தத் தொகை உடனடியாக மாற வேண்டும். அதுவரை ப்ரீடருக்கு உண்மையில் வலிப்பது பதிவு ரத்தாவதுதான். அதனால் வாரியத்துக்குப் புகார் எழுதும்போது நாயின் சிப் எண், ரசீது, தடுப்பூசி அட்டை, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தாய் நாயின் தேதி தெரியும் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஒவ்வொரு பெட்டையும் எத்தனை ஈத்துப் போட்டது என்ற பதிவேட்டை ப்ரீடர் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், ஆய்வுக்கு வருபவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று புகாரிலேயே கேளுங்கள்.